இறங்கிப் பார்த்து வாங்கவும்

வால்டர் பெக் ஒரு காரைப் பார்க்க வருகிறார் என்று தெரிந்தால் விற்கிறவர் விடியற்காலையிலேயே எழுந்து காரைத் துடைக்க ஆரம்பித்துவிடுவார். காலமெல்லாம் இங்கிலாந்தின் ஸ்டோக் நகராட்சியின் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் லிஃப்ட் சோதனை செய்தவர் அவர். ஒழுங்காக ஏறி இறங்கும் லிஃப்டைக் கண்டாலே "இதுல என்னமோ இருக்கு" என்று புருவத்தைத் தூக்குகிற ஆள். ஓய்வு பெற்ற அன்று டார்ச் விளக்கை அலுவலகத்தில் ஒப்படைத்தார். சந்தேகத்தை மட்டும் வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டார்.

எங்கள் லீக் ஊரில் நகல் கார்க்காரர்களின் கழகம் ஒன்று உண்டு. அறுபதுகளில் பந்தயம் ஓடிய, நீள மூக்கும் கொழுத்த இடுப்புமாக இருக்கும் திறந்த கார்களின் அசல், இன்றைக்குக் கோடீஸ்வரர்களுக்கே எட்டாத விலை. அதற்காக ஆசை விட்டுவிடுமா? ஃபைபர் கிளாஸ் கூடு ஒன்றை வாங்கி, இரும்புச் சட்டத்தின் மேல் உட்காரவைத்து, யாரோ பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விட்டே தேய்த்த குடும்பக் காரின் இன்ஜினையும் கியரையும் உள்ளே பொருத்தி, வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் மனிதர்கள் தாங்களே கட்டிக்கொள்கிறார்கள். கட்டி முடிப்பதற்குள் சிலருக்கு முதுகு போய்விடும், சிலருக்கு மனைவி போய்விடுவாள். அப்புறம் விற்பார்கள். வாங்க ஆசைப்படுகிறவர் நேராக வால்டர் வீட்டுக் கதவைத் தட்டுவார்.

"பெயின்ட்டைப் பாத்துப் பல்லைக் காட்டாதே," என்று வழியிலேயே பாடம் ஆரம்பித்துவிடும். "போனதும் முதல்ல படு."

"எங்க?"

"தரையிலதான். வண்டிக்கு அடியில படுத்து சட்டத்தைப் பாரு. ஃபைபர் துருப்பிடிக்காதும்பான். சட்டம் பிடிக்குமே! அப்புறம் டேஷ்போர்டுக்குக் கீழ தலையை விடு. ஒயர் எல்லாம் ஒரே கலர்ல இருந்தா எழுந்து ஓடி வந்துடு. கதவு மூலையில சிலந்தி வலை மாதிரி கீறல் இருக்கான்னு விரலை வெச்சுத் தடவு. பிரேக் எந்தக் காரோடதுன்னு கேளு. கட்டினவனுக்கே ஞாபகம் இல்லேன்னா, நாளைக்கு அது தேய்ஞ்சு போனா நீ எந்தக் கடை வாசல்ல போய் நிப்பே?"

"இவ்வளவு இருக்கா?"

"இன்னும் இருக்கு. கட்டும்போது எடுத்த போட்டோவைக் கேளு. இந்த ஊர்ல கல்யாண போட்டோ இல்லாத வீடு இருக்கும், கார் கட்டின போட்டோ இல்லாத வீடு இருக்காது. இல்லேன்னு சொன்னா எதையோ மறைக்கறான். பதிவுப் புத்தகத்துல எழுதியிருக்கற இன்ஜினும் உள்ள இருக்கற இன்ஜினும் ஒண்ணுதானான்னு பாரு. எல்லாம் சரியா இருந்தா, 'யோசிச்சு சொல்றேன்'னு சொல்லிட்டுக் கிளம்பு."

எல்லாம் சரியாக இருந்தால் எதற்கு யோசிக்க வேண்டும் என்று யாரும் கேட்டதில்லை. அந்த 'யோசிச்சு சொல்றேன்' அவருடைய பரம்பரைச் சொத்து மாதிரி. வால்டர் உடன் போய் வாங்கிய கார்களைக் கை விரலில் எண்ணிவிடலாம், வாங்காமல் வந்தவைதான் ஊர் நிறைய.

அவர் தனக்கென்று ஒன்றும் வாங்கவில்லை. இத்தனைக்கும் அந்த ஆசை அவருக்குப் பதினேழு வயதில் வந்தது. அடர்ந்த பச்சை நிறம், குறுக்கே வெள்ளைக் கோடு, நீண்ட முன்பக்கத்தைப் பார்த்தபடி மலைப்பாதையில் ஒரு தடவையாவது தானே ஓட்டிப் போக வேண்டும். அவ்வளவுதான் கேட்டார். ஆனால் ஒவ்வொரு காரிலும் ஒரு குறை கிடைத்துவிட்டது. குறை கிடைக்காத கார் கிடைத்தால், அதுவே பெரிய குறையாகப் பட்டது.

மனைவி மோரீன் பீங்கான் ஆலையில் தேநீர்க் கோப்பைகளுக்குப் பூ வரைந்தவள். கை நடுங்காது, வாயும் நடுங்காது. ஒரு காலத்தில் காரும் ஓட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்து இருக்கையில் வால்டர் உட்கார்ந்து "கிளட்ச்... இப்ப இல்ல, இப்ப... ஐயோ, முன்னாடியே!" என்று வந்ததில், ஒரு நாள் பாதி வழியில் காரை நிறுத்தி, சாவியை அவர் மடியில் போட்டுவிட்டு, பஸ் பிடித்து வீட்டுக்கு வந்துவிட்டாள். அதற்குப் பிறகு ஓட்டவேயில்லை. வால்டர் அதை ஒரு வருத்தமாக நினைத்ததும் இல்லை, அதுதான் அவரிடம் எனக்குப் பிடிக்காத ஒரே விஷயம்.

மலைக்கு அந்தப் பக்கம் உள்ள பக்ஸ்டனில் ஒரு பச்சைக் கார் விற்பனைக்கு வந்திருக்கிறது, வெள்ளைக் கோடும் உண்டு என்று செய்தி வந்த அன்று, மோரீன் அவருடைய கோட்டுப் பைக்குள் செக் புக்கைத் திணித்தாள்.

"முதல் தடவை போகும்போது இதை எடுத்துட்டுப் போகக் கூடாது," என்றார் வால்டர். "நானே எல்லார்கிட்டயும் சொல்றது."

"எல்லார்கிட்டயும் சொல்லு. உனக்கு முழங்கால் போயிடுச்சு, காது பாதி போயிடுச்சு. இன்னும் என்னென்ன போகணும்னு காத்திருக்கே? இன்னிக்கும் யோசிச்சு சொல்றேன்னுட்டு வந்தேன்னு வை, யோசிக்கறதுக்கு நிறைய நேரம் இருக்கும். தனியா இருந்து யோசி."

வால்டர் பஸ் ஏறினார். வயிற்றுக்குள் பதினேழு வயதுப் பையன் ஒருவன் குதித்துக்கொண்டிருந்தான்.

விற்பவர் பெயர் சிரில் ஆலரன்ஷா. ஓய்வு பெற்ற பல் டாக்டர், குச்சி போன்ற உடம்பு. இடுப்பு எலும்பை மாற்றி வைத்த பிறகு தாழ்வான காரில் ஏறக் கூடாது என்று சொல்லிவிட்டார்களாம். வால்டர் தலையாட்டிவிட்டுத் தரையில் படுத்தார். சட்டத்தில் ஒரு பொட்டுத் துரு இல்லை. டேஷ்போர்டுக்குக் கீழே ஒவ்வொரு ஒயரும் ஒவ்வொரு நிறம், ஒவ்வொன்றிலும் பெயர் எழுதிய சின்னச் சீட்டு. கட்டும்போது எடுத்த போட்டோக்கள் ஆல்பம் ஆல்பமாக வந்தன. பிரேக் எந்தக் காரினுடையது என்று கேட்டால், அந்தக் கார் யாருடையது, அவருக்கு எந்தப் பல் சொத்தை என்பது வரைக்கும் பதில் வந்தது. இடது கதவு மூலையில் தலைமுடி போல ஒரு கீறல் இருந்தது. பெட்ரோல் முள் எப்போதும் பாதியில் நின்றது. அவ்வளவுதான். வால்டருக்குக் கவலை வந்துவிட்டது.

'யோசிச்சு சொல்றேன்' என்பது நாக்கு நுனி வரை வந்த நேரத்தில் சிரில், "உக்காந்து பாருங்களேன்," என்றார்.

ஷூவைக் கழற்றி, ஒரு காலை உள்ளே விட்டு, கதவு விளிம்பைப் பிடித்துக்கொண்டு வால்டர் உட்கார்ந்தார். உட்கார்ந்தார் என்பது மரியாதைக்குச் சொல்வது. வழுக்கிக்கொண்டு உள்ளே போனார். தொப்பை ஸ்டியரிங்குக்குக் கீழே போய் அமர, ஸ்டியரிங் அதன் மேல் மூடிபோல் வந்து உட்கார்ந்தது.

முன்னால் அந்த நீளப் பச்சை மூக்கு. நடுவே வெள்ளைக் கோடு. தோல் இருக்கையின் வாசனை. ஒரு நிமிடம் வால்டருக்குக் கண் கலங்கிவிட்டது, அதைச் சொல்வதில் அவருக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை. இத்தனை வருடம் காத்திருந்தது இதற்குத்தான்.

பிறகு இறங்கப் பார்த்தார்.

முழங்காலை மடக்கினால் தொப்பை தடுத்தது. தொப்பையை உள்ளே இழுத்தால் முழங்கால் கத்தியது. கண்ணாடியைச் சரி செய்கிற பாவனையில் இன்னொரு தடவை எக்கினார். பின்னால் யார் வருகிறார்கள் என்று பார்க்கிற பாவனையில் பக்கவாட்டில் திருகினார். ஒரு அங்குலம்கூட நகரவில்லை.

வேறு ஊர்க்காரராக இருந்தால் "மாட்டிக்கிட்டேன், தூக்கி விடுங்க" என்றிருப்பார், விஷயம் முடிந்திருக்கும். எங்கள் பக்கத்தில் ஒருவர் ஆற்றில் மூழ்கிக்கொண்டிருந்தாலும், கரையில் போகிறவரைக் கூப்பிட்டு, "மன்னிக்கணும், உங்களுக்கு ஏதாவது அவசர வேலை இருக்கா?" என்றுதான் ஆரம்பிப்பார். அதுவும் முன்பின் தெரியாத பல் டாக்டரிடம், கார் சோதனையில் பேர் போன வால்டர் பெக் வாய் விட்டுச் சொல்வதா?

"சௌகரியமா இருக்கா?" என்றார் சிரில்.

"ரொம்ப."

"உள்ள வாங்களேன், ஒரு டீ குடிக்கலாம்."

"இல்ல, இருக்கட்டும். கொஞ்ச நேரம் உக்காந்து பாத்தாத்தான் சீட்டோட குணம் தெரியும்."

"தாராளமா."

சிரில் ஸ்டியரிங்கை ஒரு தடவை பார்த்தார். வால்டரின் தொப்பையை ஒரு தடவை பார்த்தார். ஏதோ சொல்ல வாயைத் திறந்தவர், மூடிக்கொண்டு டீ போட உள்ளே போனார்.

தட்டில் டீயும் எலுமிச்சைக் கேக்கும் வந்தன. வால்டர் தட்டைக் காரின் மூக்கின் மேல் வைக்க விடாமல் மடியில் வாங்கப் பார்த்தார், மடி என்று ஒன்று வெளியே தெரியவில்லை. கோப்பையைக் கையில் பிடித்தபடியே குடித்தார். காலியான கோப்பையை நீட்டினால் நிரம்பித் திரும்பி வந்தது. வேண்டாம் என்று சொன்னால் டீ நன்றாக இல்லை என்று ஆகிவிடுமே! பொழுது போக்க இண்டிகேட்டர் போட்டுப் பார்த்தார், ஹாரன் அடித்துப் பார்த்தார், வைப்பர் போட்டுப் பார்த்தார். சிரில் பொறுமையாகப் பக்கத்தில் நின்றார். மூன்றாவது கோப்பைக்குப் பிறகு வால்டரின் அடிவயிற்றில் இன்னொரு சோதனை ஆரம்பமானது.

இப்போது இரண்டே வழிதான். ஒன்று, உண்மையைச் சொல்வது.

"வாங்கிக்கறேன்," என்றார் வால்டர்.

அவர் குரல் அவருக்கே அந்நியமாக இருந்தது. விலையைக் குறைக்கச் சொல்லிக்கூடக் கேட்கவில்லை. செக் புக்கை ஸ்டியரிங் மேலேயே வைத்துக் கையெழுத்துப் போட்டார். காப்பீட்டுக்கு உட்கார்ந்த இடத்திலிருந்தே போன் போட்டார். சிரில் நீட்டிய பதிவுப் புத்தகத்தை வாங்கிக் கால் பக்கத்தில் போட்டுக்கொண்டார். ஷூவைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. சிரில் அதைத் துடைத்துப் பக்கத்து இருக்கையில் மரியாதையாக வைத்தார்.

"ஒரே ஒரு விஷயம், மிஸ்டர் பெக்..." என்றார் சிரில்.

"போன்ல பேசிக்கலாம்," என்று வால்டர் சாவியைத் திருப்பினார். காத்திருக்கும் நிலையில் அவர் இல்லை.

பக்ஸ்டனிலிருந்து லீக் வரும் மலைப்பாதையில் அவர் காலமெல்லாம் கனவு கண்ட பயணம் அது. பாதி வழியில் மழை பிடித்தது. மேலே மூடும் துணிக் கூரை பின்பெட்டியில் பத்திரமாக இருந்தது, அதை எடுக்க இறங்க வேண்டும். எதிரே வந்த லாரிக்காரர்கள் உற்சாகமாகக் கையசைத்தார்கள். மழைக்கோட்டோடு நடைபோகும் கூட்டம் ஒன்று நின்று கைதட்டியது. பதிலுக்குக் கையசைக்காவிட்டால் மரியாதை இல்லையே என்று, நனைந்த எலியாக, பற்களைக் கடித்துக்கொண்டு, ஒவ்வொருவருக்கும் கையசைத்தபடி வால்டர் பெக் ஓட்டி வந்தார். ஒவ்வொரு மேடு பள்ளத்திலும் மூன்று கோப்பை டீயும் குலுங்கியது.

வீட்டு வாசலில் ஹாரன் சத்தம் கேட்டு மோரீன் அடுப்புக் கையுறையோடு ஓடி வந்தாள். காரைப் பார்த்துக் கன்னத்தில் கை வைத்தாள்.

"வாங்கிட்டியா! கடைசியில வாங்கிட்டியா வால்டர்! ஏன் நனைஞ்சுக்கிட்டே உக்காந்திருக்கே? இறங்கு."

உலகத்தில் ஒரே ஒருவரிடம்தான் அதைச் சொல்ல முடியும்.

"மாட்டிக்கிட்டேன் மோரீன்."

அவள் இழுத்துப் பார்த்தாள். கையுறைதான் கழன்றது. பிறகு எதிர் வீட்டு நெவ்வைக் கூப்பிட்டாள். ஓட்ஸ் மாவில் தோசை வார்த்து, உள்ளே சீஸும் பன்றிக்கறியும் வைத்துச் சுருட்டி விற்கிற நெவ், கழகத்தின் பொருளாளர். அவருக்குத் தெரிந்தால் ஊருக்குத் தெரிந்த மாதிரி. மழையில் காருக்கு அடியில் படுத்து, இருக்கையின் நட்டுகளைக் கழற்றியவர், சிரிப்பில் ஸ்பேனரை இரண்டு தடவை கீழே போட்டார்.

"யோவ், லிஃப்டுல மாட்டிக்கிட்டவங்களை எல்லாம் வெளிய எடுத்து விட்ட ஆளுய்யா நீ!"

"பேசாம கழட்டுடா. பதிமூணு நம்பர் ஸ்பேனர்."

"அபாய மணி ஏதாவது இருக்கான்னு பாத்தியா உள்ள?"

"நெவ், என்னால ரொம்ப நேரம் தாங்க முடியாது."

இருக்கையோடு சேர்த்துப் பின்னால் சாய்த்து அவரை உருவி எடுத்தார்கள். வால்டர் நன்றி சொல்ல நிற்கவில்லை. காலுறையோடு அவர் வீட்டுக்குள் ஓடிய வேகத்தை நெவ் இன்னும் பப்பில் நடித்துக் காட்டிக்கொண்டிருக்கிறார்.

அடுத்த ஞாயிறு கழகக் கூட்டம். கார் வாசலில் நின்றது, வால்டர் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். நெவ் ஓட்டட்டுமா என்று கேட்டதற்கு "செத்தாலும் குடுக்கமாட்டேன்" என்றார். மோரீன் தலைக்குப் பூப்போட்ட துணி கட்டிக்கொண்டு வெளியே வந்தாள்.

"சாவியைக் குடு. எனக்கும் லைசன்ஸ் இருக்கு."

"உனக்குப் பழக்கம் விட்டுப்போச்சே..."

"யாரால?"

வால்டர் சாவியைக் கொடுத்தார். பக்கத்து இருக்கையின் முன்னால் ஸ்டியரிங் இல்லை. தொப்பை தாராளமாக உட்கார்ந்தது, தாராளமாக எழுந்தது. முதல் திருப்பத்தில் "கிளட்ச்..." என்று ஆரம்பித்தார். மோரீன் அவர் பக்கம் திரும்பாமலேயே, "இறங்கறியா?" என்றாள். அதற்கு மேல் வால்டர் பேசவில்லை. பேச வேண்டிய அவசியமும் ஏற்படவில்லை. கோப்பை விளிம்பில் ஒரே இழுப்பில் கோடு போட்ட கை, வளைவுகளை அப்படியே எடுத்தது.

அந்தக் கோடை முழுவதும் மோரீன் ஓட்டினாள். கழகக் கூட்டங்களில் ஆண்கள் கும்பலாக நின்று இன்ஜினைப் பற்றிப் பேசும்போது, அவளும் கையைக் கட்டிக்கொண்டு அபிப்பிராயம் சொல்ல ஆரம்பித்தாள். வால்டருக்குச் சந்தோஷம்தான். ஆனால் அந்த ஒரே ஒரு ஆசை உள்ளே அரித்துக்கொண்டே இருந்தது. மழையில்லாத நாளில், காய்ந்த சட்டையோடு, காலி வயிற்றோடு, ஒரு தடவை தானே ஓட்டிப் போக வேண்டும். அதற்காக உருளைக்கிழங்கைக்கூட விட்டுப் பார்த்தார். தொப்பை விடவில்லை.

குளிர்காலத்தில் கொட்டகையில் காரைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, ஸ்டியரிங்குக்குப் பின்னால், அதைத் தாங்கும் தண்டில் சுற்றியிருந்த தோல் உறை நழுவியது. உள்ளே ஒரு உலோக வளையம். வால்டர் அதைத் தன் பக்கம் இழுத்தார். 'டக்' என்றது. ஸ்டியரிங் சாப்பாட்டுத் தட்டு மாதிரி கையோடு வந்துவிட்டது.

பந்தயக் கார்களில் இப்படி வைப்பது உண்டு. ஏறி உட்கார்ந்த பிறகு மாட்டிக்கொள்ளலாம், இறங்கும்போது கழற்றிவிடலாம். "ஸ்டியரிங் பின்னாடி கையை விட்டுப் பாரு" என்று எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறார்! பதினேழு வயதுப் பையன் குறுக்கே வந்ததில் அவரே பார்க்கவில்லை. வால்டர் காருக்குள் ஏறினார். உட்கார்ந்தார். எழுந்தார். மறுபடி உட்கார்ந்தார். வெண்ணெயில் கத்தி இறங்குவது போல் அவ்வளவு சுலபமாக இருந்தது. ஸ்டியரிங்கை மாட்டிக்கொண்டு, இன்ஜின் போடாமலேயே கொஞ்ச நேரம் திருப்பிப் பார்த்தார். நாளைக்கே, காலையிலேயே ஓட்டிப் போக வேண்டியதுதான்.

சமையலறை ஜன்னல் திறந்திருந்தது. மோரீன் தங்கையிடம் போனில் பேசிக்கொண்டிருந்தாள்.

"வசந்தம் வரட்டும் சாண்ட்ரா, வேல்ஸ் கடற்கரை வரைக்கும் நானே ஓட்டிட்டு வர்றேன். ஆமா, நான்தான். அந்த ஆளு பாவம், பக்கத்துல உக்காந்து மேப் பாத்துச் சொல்லுவாரு. வாயே திறக்கறதில்ல இப்பல்லாம். எனக்கு இப்படி ஒரு வருஷம் வரும்னு நான் நினைச்சே பாக்கலடி."

வால்டர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். பாதி வழியில் பஸ் ஏறிப் போனவளின் முதுகு அவர் நினைவுக்கு வந்தது. அன்றைக்கு அதைப் பார்த்து, கிளட்ச் தப்பித்தது என்று நினைத்தவர் அவர். இன்றைக்கு அப்படி நினைக்க முடியவில்லை. ஸ்டியரிங்கைக் கழற்றி, வெளியே வந்து, மறுபடி மாட்டினார். தோல் உறையை இழுத்து மூடி, நழுவாமல் இருக்கக் கம்பி போட்டு முடுக்கினார். மோரீனிடம் ஒன்றும் சொல்லவில்லை.

வசந்தத்தின் முதல் கூட்டத்துக்கு, கார் எப்படி இருக்கிறது என்று பார்க்க சிரில் ஆலரன்ஷா வந்திருந்தார். வால்டரைத் தனியாக ஒரு மூலைக்குக் கூட்டிப் போனார்.

"மிஸ்டர் பெக், ஒரு விஷயம் மனசை அரிச்சுக்கிட்டே இருக்கு. அன்னிக்கே சொல்லியிருக்கணும். அந்த ஸ்டியரிங்..."

"மழை வரும்போல இருக்கு," என்றார் வால்டர்.

"வரும், வரும். அந்த ஸ்டியரிங் பின்னாடி ஒரு..."

"வளையம். தெரியும். குளிர்காலத்துலயே பாத்துட்டேன்."

சிரில் முகம் சிவந்துவிட்டது. "நீங்க மாட்டிக்கிட்டீங்கன்னு எனக்கு அப்பவே தெரிஞ்சுபோச்சு. ஆனா நீங்களா சொல்லாதப்ப நானா எப்படிச் சொல்றது? அதுவும் எனக்கு ஒரு தொழில் பழக்கம். நாற்காலியில உக்காந்திருக்கறவர்கிட்ட பயமுறுத்தற மாதிரி எதையும் சொல்லக் கூடாது. கேக் குடுக்கலாம்னு தோணிச்சு."

"கேக் நல்லா இருந்தது."

"ஆனா தெரிஞ்சும் இன்னிக்கு நீங்க ஏன் ஓட்டிட்டு வரல?"

வால்டர் தூரத்தில் நின்ற மோரீனைக் காட்டினார். புதிதாகக் கார் தேடி வந்த இளம் ஜோடி ஒன்று அவள் முன்னால் நின்றது. "பளபளப்பை அப்புறம் ரசிச்சுக்கலாம், முதல்ல படு," என்று அவள் அந்தப் பையனிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

சிரிலுக்குப் புரிந்தது. ஆனாலும் நெற்றியைச் சுருக்கினார். "அப்ப அவங்களும் உங்ககிட்ட சொல்லலையா?"

"எதை?"

"போன வருஷம், நீங்க வாங்கின மறுநாளே போன் பண்ணேன். நீங்க தூங்கறீங்கன்னு அவங்கதான் எடுத்தாங்க. வளையத்தைப் பத்தி எல்லாத்தையும் சொன்னேன். 'நான் பாத்துக்கறேன் டாக்டர், நீங்க அவர்கிட்ட மூச்சு விடாதீங்க'ன்னாங்க."

வால்டர் மோரீனைத் திரும்பிப் பார்த்தார். பூப்போட்ட தலைத்துணி, "எனக்கும் லைசன்ஸ் இருக்கு", "அந்த ஆளு பாவம்" எல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தன. உருளைக்கிழங்கை விட்டபோது அவள் காட்டிய பரிதாபமும் வந்தது. முதலில் கோபம் வரும் என்றுதான் எதிர்பார்த்தார். வந்தது சிரிப்பு. கண்ணில் நீர் வரும் வரை சிரித்தார்.

"வால்டர்! மழை வருது, ஏறு!" என்று மோரீன் கூப்பிட்டாள்.

அவர் சுற்றிக்கொண்டு போய்ப் பக்கத்து இருக்கையில் ஏறினார்.

"பெல்ட் போட்டியா?"

"போட்டாச்சு."

மேட்டில் கார் சீறிக்கொண்டு ஏறியது. மோரீன் ரோட்டைப் பார்த்தபடியே கேட்டாள்.

"உனக்கு ஒரு தடவை ஓட்டிப் பாக்கணும்னு ஆசையா இல்லியா?"

"ஆசை இருந்து என்ன பண்ண? தொப்பை விடமாட்டேங்குதே."

"பாவம்தான்," என்றாள் மோரீன், ஆக்சிலரேட்டரை மிதித்தாள்.